வெட்டாத வாளும் ஒட்டாத உறவும்

கொடுவாளுக்குப் பெருமை மரத்தைப் பிளப்பதிலே. அரிவாளுக்குப் பெருமை கதிரை அறுப்பதிலே. போர்வாளுக்குப் பெருமை, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பகைவனை வீழ்த்துவதிலே. கருவி ஒவ்வொன்றையும் அது செய்யும் தொழிலைக் கொண்டே சீர்தூக்குகிறோம். ஆனால், வெட்டவே கூடாது என்ற நினைப்போடு வடிக்கப்பட்ட வாள் ஒன்று உண்டென்றால் அதனை எந்தத் துலாக்கோலில் இட்டு நிறுப்பது? முனை மழுங்கி, விளிம்பு கூர் தீட்டப்படாமல், உடலெல்லாம் சித்திரமும் உறையெல்லாம் பொன்முலாமுமாகப் பிறந்த வாள்! பகைவனுக்காகப் பிறந்ததன்று, "உடன்பிறப்பு" என்ற சொல்லைத் தாங்கி நிற்பதற்காகப் பிறந்த வாள்!

கற்பனை அன்று, தோழர்களே! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இத்தகைய வாள்கள் ஆயிரம் ஆயிரமாகச் செய்யப்பட்டன. பிரிமேசன் இயக்கத்தைச் சேர்ந்த "நைட்ஸ் டெம்ப்ளர்", மூன்று வளையச் சங்கிலியைச் சின்னமாகக் கொண்ட "ஆட் பெல்லோஸ்", நட்பைத் தெய்வமாக்கிய "நைட்ஸ் ஆப் பிதியாஸ்" முதலான சகோதர சங்கங்களின் உறுப்பினர்கள் ஊர்வலத்தில் இடையிலே கட்டிக்கொள்ளவும், சடங்கில் உயர்த்திப் பிடிக்கவும், இறந்த தோழனின் சவப்பெட்டிக்கு முன் தாழ்த்தி வணங்கவும் பயன்பட்ட வாள்கள் அவை. இன்று பழம்பொருள் அங்காடிகளிலும் காட்சிச்சாலைகளின் கண்ணாடிப் பேழைகளிலும் அவை கிடக்கின்றன. பார்ப்பவர்கள் வேலைப்பாட்டை வியந்துவிட்டு நகர்கிறார்கள். நாம் சற்றே நின்று, அந்த வாளை ஓர் ஏட்டைப் படிப்பதுபோலப் படித்துப் பார்ப்போம். ஏடுகள் மட்டுந்தானா பொய் சொல்லும்? எஃகும் சொல்லும். ஏடுகள் மட்டுந்தானா உண்மை உரைக்கும்? எஃகும் உரைக்கும்.

பிடி முதல் முனை வரை

மேலிருந்து தொடங்குவோம். பிடியின் உச்சியிலே உள்ள குமிழ், பல வாள்களில், இரும்புக் கவசம் பூண்ட வீரனின் தலையாக வார்க்கப்பட்டிருக்கும். பிடி தந்தத்தாலோ எலும்பாலோ கருமரத்தாலோ ஆனது; பிற்காலத்தில் செல்லுலாய்டும் புகுந்தது. டெம்ப்ளர் சங்கத்தில் பதவி வகிப்போர்க்கு வெள்ளைப் பிடி, ஏனையோர்க்குக் கருப்புப் பிடி என்ற வழக்கம் உண்டு. உடன்பிறப்புகளுக்குள்ளேயே இரண்டு நிறம்! பிடியிலிருந்து மெல்லிய சங்கிலி ஒன்று தொங்கும். குறுக்குக் காப்பிலே சிலுவை, மகுடம், மண்டையோடு, எல்லாவற்றையும் காணும் ஒற்றைக் கண், ஒன்றோடொன்று கோத்த மூன்று வளையங்கள் என அந்தந்தச் சங்கத்தின் சின்னம். உறைக்கு நிக்கல் முலாம். அதன்மேல் பொன்முலாம் பூசிய பூண்கள்.

அலகிலேதான் சித்திரக் கூத்து முழுவதும் நடைபெறுகிறது. குதிரையேறிய வீரர்கள், கோட்டைகள், கொடிகள், கொடிப்பூ வேலை, நடுவே வாளுக்கு உரியவரின் பெயர். இவை உளியால் வெட்டப்பட்டவை அல்ல. எஃகின்மீது அமிலம் தீண்டாத மெழுகு போன்ற பூச்சைப் பூசி, உருவத்திற்குரிய இடத்திலே மட்டும் அப்பூச்சை நீக்கி, அமிலத்தில் நனைத்தால், பூச்சில்லாத இடத்தை அமிலம் அரித்து உருவம் தோன்றும். அரித்த பள்ளத்திற்கும் அரிக்காத மேட்டிற்கும் உள்ள வேறுபாடே அந்த அழகு. கைத்திறனில் குறை சொல்ல நமக்கு வழியில்லை. மயிரிழை போன்ற கோடுகளை எஃகிலே எழுப்பிய அந்தக் கரங்களுக்கு நம் வணக்கம்.

ஆனால் அந்தக் கரங்கள் யாருடையவை? அலகைத் திருப்பிப் பாருங்கள். சங்கத்தின் பெயர் இருக்கிறது. வாங்கியவரின் பெயர் பெரிதாக இருக்கிறது. விற்ற நிறுவனத்தின் பெயர் பிடிக்கு அருகே பொறிக்கப்பட்டிருக்கிறது. வடித்தவன் பெயரோ, வரைந்தவன் பெயரோ இல்லை! சோலிங்கன் என்னும் ஜெர்மானிய நகரத்துக் கொல்லன் அடித்த அலகு அமெரிக்காவிற்குக் கப்பலேறி வந்து, வேறொரு நகரத்துத் தொழிலாளியின் கையால் பொன்முலாம் பெற்று, மற்றொருவன் பெயரைத் தாங்கிக்கொண்டது என்பதும் உண்டு. மூன்று பெயர்கள் எழுத இடமிருந்த அலகிலே நான்காவது பெயருக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

நம் சங்க இலக்கியத்தை அறிந்தவர்களுக்கு இந்த வாளைக் கண்டதும் அவ்வையின் நினைவு வராமல் போகாது. தொண்டைமானிடம் தூது சென்ற அவ்வை, அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு, பீலி சூட்டி நெய் பூசிக் காவலோடு வைத்திருக்கும் அழகை வியப்பதுபோலப் பேசி, தன் தலைவன் அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று முடித்த நயம் புறநானூற்றின் 95ஆம் பாட்டிலே உள்ளது. புகழ்வதுபோல இகழ்ந்த அந்தப் பாட்டு, அழகுபடுத்தப்பட்ட படைக்கலம் எதையும் ஐயத்தோடு பார்க்க நமக்குக் கற்பித்திருக்கிறது. தொண்டைமானின் வேல்களாவது போருக்கென்று செய்யப்பட்டுப் போரைக் காணாதவை. இந்த வாள்களோ போரைக் காணக்கூடாது என்றே செய்யப்பட்டவை. அப்படியானால் வாள் எதற்கு? வேறு சின்னமே கிடைக்கவில்லையா?

கிடைத்தது! கையிலேயே இருந்தது! அதனைக் கீழே போட்டுவிட்டுத்தான் வாளை எடுத்தார்கள். அந்தக் கதைதான் நாம் காணவேண்டியது.

கரண்டி கீழே, கத்தி மேலே

பிரிமேசன் என்ற பெயரிலேயே "மேசன்" இருக்கிறான். அவன் கல் தச்சன், கொத்தன். 1717இல் லண்டன் மாநகரத்து மதுக்கடை ஒன்றில் நான்கு கிளைமன்றங்கள் கூடித் தலைமை மன்றத்தை அமைத்ததாக அவ்வியக்கத்தின் வரலாறு கூறுகிறது. 1723இல் ஆண்டர்சன் என்பார் தொகுத்த விதிநூல் வெளிவந்தது. அவர்கள் கைக்கொண்ட சின்னங்கள் எவை? மூலைமட்டம், கவராயம், தூக்குநூல், மட்டப்பலகை, கொத்தனின் கரண்டி, இடுப்பிலே கட்டும் தோல் ஏப்ரன். அத்தனையும் உழைப்பாளியின் உடைமைகள்! கல்லின்மேல் கல் வைத்துக் கட்டுபவனின் கருவிகளைக் கொண்டு, மனிதனோடு மனிதனை இணைத்துக் கட்டலாம் என்று கண்ட உவமை உயர்ந்த உவமை. கோணலை நேராக்குவது மூலைமட்டம்; மேடு பள்ளத்தைக் காட்டிக் கொடுப்பது மட்டப்பலகை; இரண்டு கல்லுக்கிடையே சாந்தைப் பூசி ஒன்றாக்குவது கரண்டி. சமத்துவத்திற்கும் சகோதரத்துவத்திற்கும் இதைவிடச் சிறந்த சின்னங்களை எந்தக் கவிஞன் படைத்துவிடப் போகிறான்?

ஆனால், கரண்டி பிடித்தவன் கனவான் ஆவானா? மன்றத்திலே வந்து அமர்ந்தவர்கள் உண்மைக் கொத்தர்கள் அல்லர். பிரபுக்களும் வணிகர்களும் படைத்தலைவர்களும் ஆவர். அவர்களுக்குக் கொத்தனின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்வது கூச்சமாகியிருக்க வேண்டும். 1730களில் பிரான்சில் இருந்த ராம்சே என்பார், இந்த இயக்கத்தின் மூலவர்கள் கல் செதுக்கியவர்கள் அல்லர், சிலுவைப் போர் செய்த பட்டவீரர்கள் என்று ஓர் உரையிலே கதை கட்டினார். சான்று கிடையாது, ஆயினும் சுவை இருந்தது. வம்சாவளி வேண்டுவோர்க்கு வரலாறு எதற்கு? கோத்திரம் தேடும் புதுப்பணக்காரனுக்குப் புராணம் எழுதித் தரப் புலவன் கிடைக்காமலா போவான்?

அதன்பின் வந்ததே டெம்ப்ளர் பட்டம். உண்மையான டெம்ப்ளர் வீரர்கள் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் தோன்றியவர்கள். 1307இல் பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப் அவர்களைச் சிறைப்படுத்தினான். 1312இல் போப்பாண்டவர் ஐந்தாம் கிளெமெண்ட் அந்த அமைப்பையே கலைத்தார். 1314இல் அதன் தலைவர் ழாக் தெ மொலே பாரிசில் உயிரோடு எரிக்கப்பட்டார். அத்தோடு முடிந்த அமைப்பின் பெயரை, நானூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். பெயரோடு வாளும் வந்தது. மண்ணுக்காகவும் மதத்திற்காகவும் மனிதனை வெட்டியவர்களின் வாள், மனிதர் எல்லாரும் உடன்பிறந்தோர் என்பதற்கு அடையாளமாயிற்று!

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் இந்த நோயை நன்கு அறிந்திருந்தார். வால்டர் ஸ்காட்டின் "ஐவன்ஹோ" போன்ற நவீனங்கள் பழைய பட்டவீரர்களின் போலிப் பெருமையை மறுபடியும் உயிர்ப்பித்துத் தென்மாநிலங்களின் மூளையை மயக்கிவிட்டன என்று 1883இல் வெளியிட்ட நூலொன்றில் அவர் சாடினார். 1889இல் வெளிவந்த இன்னொரு நூலில் அந்தப் பட்டவீரர்களையே நகையாடினார். இத்தனைக்கும் அவர் 1861இல் செயிண்ட் லூயி நகரத்தில் பிரிமேசனாகச் சேர்ந்தவர்! உள்ளே இருந்தவனுக்கே தெரிந்த உண்மை வெளியே இருப்போர்க்குத் தெரிய ஏன் தயக்கம்?

போர் முடிந்தது, வாள் விற்றது

கதைக்கு ஒரு கணக்கும் உண்டு. மாசாசூசெட்ஸ் மாநிலத்துச் சிக்கோப்பி என்னும் ஊரிலே ஏம்ஸ் தொழிலகம் படைக்கு வாள் வடித்துக் கொடுத்து வளர்ந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்; வாளுக்கும் துப்பாக்கிக்கும் ஓயாத தேவை இருந்தது. போர் முடிந்தது. உலை குளிர்ந்துவிடலாமா? உயிரைப் போக்கும் வாளுக்கு வாடிக்கை குறைந்தபோது உறவைப் போற்றும் வாளுக்கு வாடிக்கை பெருகியது. ஏம்ஸ் போன்ற தொழிலகங்களும், ஓஹையோ மாநிலக் கொலம்பஸ் நகரத்து லில்லி நிறுவனம் போன்ற புதிய நிறுவனங்களும், வாள், தொப்பி, இறகு, இடைவார், அங்கி எனப் பட்டியல் ஏடு அச்சிட்டு ஊரூராய் அனுப்பின. 1897இல் ஆர்வுட் என்பார் எழுதிய கட்டுரை ஒன்று, அமெரிக்கச் சகோதர சங்கங்களில் ஏறத்தாழ 54 இலட்சம் பேர் இருந்ததாகக் கணக்கிட்டது.

ஏன் இத்தனை கூட்டம்? அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது அறிவுடைமை ஆகாது. அந்நாளில் நோயுற்ற தொழிலாளிக்கு அரசின் உதவி கிடையாது. இறந்தவனின் மனைவிக்கு ஓய்வூதியம் கிடையாது. சங்கத்திலே சேர்ந்து திங்கள்தோறும் சிறு தொகை கட்டினால், நோயிலே படுத்தபோது உதவிப் பணம் வரும். இறந்தால் நல்லடக்கம் நடக்கும். கைம்பெண்ணின் கையிலே ஒரு தொகை சேரும். 1868இல் பென்சில்வேனியாவில் அப்சர்ச் என்ற இயந்திரத் தொழிலாளி தொடங்கிய சங்கம் உறுப்பினர் குடும்பங்களுக்கு உயிர்க்காப்பீட்டைக் கொண்டுவந்து பெருவழி காட்டியது. வாளைவிட்டு, அங்கியைவிட்டு, இரகசியக் கைகுலுக்கலைவிட்டுப் பார்த்தால், எஞ்சி நிற்பது ஏழைகள் கூடி ஏழையைத் தாங்கிய ஏற்பாடு. அது பாராட்டத்தக்கது. அந்தச் சங்கங்களின் உண்மையான உடன்பிறப்பு பொருளாளரின் கணக்கு ஏட்டிலே இருந்தது. வாளின் அலகிலே இல்லை. கணக்கு ஏட்டைக் கண்ணாடிப் பேழையில் வைத்து வியப்பவர் எத்தனை பேர்?

கொலைவாள் தோற்ற கதை

இப்போது ஒரு வாளை மட்டும் தனியே எடுத்துக்கொள்வோம். "நைட்ஸ் ஆப் பிதியாஸ்" சங்கத்தாரின் வாள். அதன்மீது முக்கோணக் கேடயம். கேடயத்திலே எப், சி, பி என்ற மூன்று எழுத்துக்கள். நட்பு, ஈகை, நன்னோக்கம் என்பவற்றின் முதலெழுத்துக்கள் அவை.

1864 பிப்ரவரி 19ஆம் நாள் வாஷிங்டன் நகரிலே, அரசுப் பணியில் எழுத்தராக இருந்த ஜஸ்டஸ் ராத்போன் இச்சங்கத்தைத் தொடங்கினார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த காலம். அண்ணன் வடக்கிலும் தம்பி தெற்கிலும் நின்று ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட காலம். அந்நேரத்திலே நட்பைப் பேச முன்வந்தது நல்ல எண்ணமே. அவர் அடித்தளமாகக் கொண்டது ஜான் பேனிம் என்ற அயர்லாந்து எழுத்தாளரின் 1821ஆம் ஆண்டு நாடகம். அதன் கரு பழைய கிரேக்கக் கதை.

சிராக்யூஸ் நகரத்துக் கொடுங்கோலன் டயோனிசியஸ், பிதியாசுக்குக் கொலைத்தண்டனை விதிக்கிறான். குடும்பத்தைக் கண்டு விடைபெற்று வர நாள் கேட்கிறான் பிதியாஸ். "உனக்குப் பிணை யார்?" என்கிறான் மன்னன். நண்பன் டாமன் முன்வருகிறான்; குறித்த நாளில் பிதியாஸ் திரும்பாவிட்டால் டாமனின் தலை உருளும். நாள் வருகிறது, நேரம் நெருங்குகிறது, கொலையாளி காத்திருக்கிறான், கடைசி நொடியிலே மூச்சிரைக்க ஓடிவருகிறான் பிதியாஸ். சாவதற்காக ஓடிவந்தவனையும், அவனுக்காகச் சாக நின்றவனையும் கண்டு கொடுங்கோலனின் கல்நெஞ்சும் கரைகிறது. இருவரையும் விடுவிக்கிறான், தன்னையும் மூன்றாவது நண்பனாக ஏற்க வேண்டுகிறான்.

கதையை நன்றாக எண்ணிப் பாருங்கள். இதிலே வாள் யார் பக்கம் இருந்தது? நட்பின் பக்கமா? இல்லை! கொடுங்கோலன் பக்கம், கொலையாளி பக்கம் இருந்தது. நட்பின் கையிலே இருந்தது வெறுங்கை. வாக்கு ஒன்றே அதன் படைக்கலம். வெறுங்கை வென்றது, வாள் தோற்றது. இந்தக் கதையைத் தலைமேல் வைத்துப் போற்றியவர்கள், வென்ற வெறுங்கையை விட்டுவிட்டுத் தோற்ற வாளையா சின்னமாக எடுப்பது? படைப்பின் கருவையே தலைகீழாகப் புரிந்துகொண்ட ஒரு சித்திரத்தை, கோடு அழகாக இருக்கிறது என்பதற்காக நல்ல சித்திரம் என்று சொல்லலாமா? கலை ஆய்வின் முதற்குற்றச்சாட்டு இது. இரண்டாவது, இதைவிடக் கடுமையானது.

கதவுக்கு வெளியே உடன்பிறப்பு

நட்பு என்று எழுதிய வாள் யார் யாரை நண்பர் என்று ஏற்றது? கறுப்பின மக்கள் இச்சங்கத்தின் கதவைத் தட்டினார்கள். கதவு திறக்கவில்லை. வெள்ளைத் தோலுக்கு மட்டுமே டாமனாகவும் பிதியாசாகவும் வேடம் புனைய உரிமை!

இது புதிய கதையும் அன்று. 1775இல், பாஸ்டன் நகரத்தில் தோல் பதனிடும் தொழில் செய்த பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவர், தம்மவர் 14 பேருடன், ஆங்கிலேயப் படையோடு இருந்த அயர்லாந்து மன்றம் ஒன்றின் வழியே பிரிமேசன் ஆனார். ஆயினும் உள்ளூர் வெள்ளையர் மன்றங்கள் அவர்களைத் தம்மோடு சேர்க்கவில்லை. கடல் கடந்து லண்டனுக்கு எழுதி 1784இல் தனி உரிமைப் பட்டயம் பெறவேண்டியதாயிற்று.

அதே 1775ஆம் ஆண்டிலே நம் திருச்சிராப்பள்ளியில் ஒரு நிகழ்ச்சி. ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமாரா பிரிமேசனாகச் சேர்க்கப்பட்டார். அவருக்கு இங்கிலாந்திலிருந்து பாராட்டு மடலும் வேலைப்பாடமைந்த ஏப்ரனும் வந்தன. இருவரும் வெள்ளையர் அல்லர். ஒருவருக்குப் பரிசு வந்தது. மற்றவர் பட்டயத்திற்காகப் பல்லாண்டு காத்திருந்தார். ஒருவர் ஆளப்போகிறவர், மற்றவர் தோல் பதனிடுபவர். உடன்பிறப்பு என்ற சொல்லின் எடை, யார் சொல்கிறார் என்பதைவிட யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது போலும்!

"ஆட் பெல்லோஸ்" சங்கத்திலும் இதே நிலை. மூன்று வளையங்களும் பிரியாதவை என்றார்கள். கறுப்பின மக்கள் வந்தபோது நான்காவது வளையத்திற்கு இடமில்லை என்றார்கள். பீட்டர் ஆக்டன் என்ற கப்பல் தொழிலாளி 1843இல் இங்கிலாந்திலிருந்தே பட்டயம் பெற்றுத் தம் மக்களுக்குத் தனிச்சங்கம் கண்டார்.

பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆண்டர்சனின் விதிநூலே அடிமைகளையும் பெண்களையும் ஒரே மூச்சில் வெளியே நிறுத்தியது. பின்னாளில் துணைச் சங்கம் என்று ஒன்று கொடுத்தார்கள். சகோதரத்துவத்திற்குச் சகோதரி விருந்தாளி!

வாளாவிருந்தவர்களின் வழக்கு

1880ஆம் ஆண்டு. மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் நகரம். டாக்டர் தாமஸ் ஸ்டிரிங்கர் என்பாரின் தலைமையில் கறுப்பின மக்கள் தங்களுக்கென "நைட்ஸ் ஆப் பிதியாஸ்" சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே பெயர், அதே கதை, அதே எழுத்துக்கள், அதே வாள். சங்கம் தென்மாநிலங்களில் வேகமாகப் பரவியது. கறுப்பின மக்களின் உயிரைக் குறைத்து மதிப்பிட்ட காப்பீட்டு நிறுவனங்கள் நிறைந்த காலம் அது. அந்தக் காலத்திலே இறந்தவன் குடும்பத்திற்குச் சொன்ன தொகையைச் சொன்னபடி கொடுத்த சங்கம், மக்களின் நெஞ்சிலே இடம்பிடித்ததில் வியப்பென்ன? 1909இல் நியூ ஆர்லியன்சில் அவர்கள் மாளிகை எழுப்பினார்கள். 1916இல் டாலஸ் நகரத்தில் கறுப்பினக் கட்டடக் கலைஞர் வில்லியம் சிட்னி பிட்மன் வரைந்த திட்டப்படி இன்னொரு மாளிகை எழுந்தது. கரண்டியின் பெருமையை அவர்கள் மறக்கவில்லை என்று கொள்ளலாம்.

பொறுக்குமா வெள்ளைச் சங்கத்திற்கு? ஜார்ஜியா மாநிலத்தில் நீதிமன்றம் ஏறினார்கள். "எங்கள் பெயரை இவர்கள் பயன்படுத்தக்கூடாது, எங்கள் சின்னத்தை இவர்கள் அணியக்கூடாது, தடை விதியுங்கள்!" என்றார்கள். மாநில நீதிமன்றங்கள் தடை விதித்தன. நண்பனுக்காக உயிரைப் பிணை வைத்த டாமனின் பெயரால், நட்புக் கொள்ள வந்தவன்மீது தடையாணை! பிதியாசின் பெயரைச் சொல்லிப் பிதியாசின் கதையை மறந்தார்கள்.

கறுப்பினத்தார் அஞ்சவில்லை, ஐக்கிய நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றார்கள். 1912இல் அந்த நீதிமன்றம் தடையை நீக்கியது. சொன்ன காரணம் நம் கவனத்திற்குரியது: இவர்கள் பல்லாண்டுகளாக இப்பெயரோடு இயங்குவதை அறிந்தும், கேட்காமல் வாளாவிருந்துவிட்டு, இத்தனை காலங்கடந்து வந்து தடை கேட்பது செல்லாது என்பது. வாளோடு இருந்தவர்கள் வாளாவிருந்ததால் தோற்றார்கள்! ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: "எல்லாரும் மனிதர், நட்பு எல்லார்க்கும் உரியது" என்று அந்தத் தீர்ப்பு முழங்கவில்லை. காலதாமதம் என்ற சட்டக் கதவு வழியே நீதி குனிந்து நுழைந்தது. 1929இல் பிரிமேசன் இயக்கத்தைச் சார்ந்த "ஷ்ரைன்" சங்கத்தின் பேரிலும் இதே போன்ற வழக்கு வந்து, அதிலும் கறுப்பினத்தாரே வென்றார்கள்.

ஒரே வாள், இரண்டு பொருள்

இங்கேதான் திறனாய்வாளன் தன் தராசைச் சற்றே நிறுத்திவைத்து எண்ண வேண்டியிருக்கிறது. "போலி வாள், பொய்க் கதை, பொருந்தாச் சின்னம் என்று இத்தனை நேரம் சொன்னாயே, அந்தப் போலியைப் பெறுவதற்கா கறுப்பின மக்கள் உச்சநீதிமன்றம் வரை போராடினார்கள்? வெள்ளையன் இடையிலே இருந்தால் பகட்டு, கறுப்பினத்தான் இடையிலே இருந்தால் புரட்சியா?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

மறுமொழி மிசிசிப்பியின் சட்ட ஏட்டிலே இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே அம்மாநிலம் ஒரு சட்டம் செய்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தான், படையில் இல்லாதவனாயின், உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ குத்துவாளோ நெடுங்கத்தியோ வைத்திருக்கக்கூடாது என்றது அது. பதினைந்தே ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்திலே, அதே மக்கள் சீருடை அணிந்து, இடையில் வாள் தொங்க, அணிவகுத்துத் தெருவிலே நடக்கும் சங்கத்தைத் தொடங்கினார்கள் என்றால், அந்த வாளுக்குக் கூர் தேவையா? அது உறையிலே இருந்தபடியே ஒரு செய்தியைச் சொன்னது: "நீ எனக்குக் கூடாது என்றாய், நான் அணிந்து நிற்கிறேன், நானும் மனிதன்." வெள்ளையனுக்கு அந்த வாள் இல்லாத பழம்பெருமையைக் கற்பித்துக்கொள்ளும் ஒப்பனை. கறுப்பினத்தானுக்கு அது மறுக்கப்பட்ட மானத்தை மீட்டுக்கொள்ளும் அடையாளம். எஃகு ஒன்று, பொன்முலாம் ஒன்று, எழுத்துக்கள் ஒன்று. அணிந்தவன் நின்ற இடம் வேறு. ஆகவே பொருளும் வேறு.

ஆகையால், பொருளை மட்டும் பார்த்து மனிதனைப் பார்க்காத கலை ஆய்வு பாதி ஆய்வே. வேலைப்பாட்டைப் புகழ்ந்து முடிப்பவனும் சடங்கைப் பழித்து முடிப்பவனும் ஆளுக்குப் பாதியைத்தான் காண்கிறார்கள்.

எனினும் முடிவிலே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுக்கப்பட்டவன் மறுத்தவனின் சின்னத்தையே விரும்பி ஏற்க நேர்ந்தது வெற்றியிலும் ஒரு வேதனை. அந்த மக்களின் பெருமை நியூ ஆர்லியன்சிலும் டாலசிலும் அவர்கள் எழுப்பிய செங்கற் சுவர்களிலும், கைம்பெண்ணுக்குச் சேர்ப்பித்த பணத்திலும், உச்சநீதிமன்றம் வரை தளராமல் நடந்த நடையிலும் மின்னுகிறது. வாளில்லாமலும் அது மின்னியிருக்கும்.

எஃகிலே எழுதியது எளிது

காலம் மாறியது. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி சங்கங்களின் சந்தாவைக் குறைத்தது. 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், அவை ஆற்றிய பணியின் பெரும்பகுதியை அரசின் கடமையாக்கியது. ஊர்வலங்கள் ஓய்ந்தன. தாத்தாவின் வாள் பேரன் கையில் புரியாத பொருளாயிற்று, பிறகு விலைப்பொருளாயிற்று.

அதற்குப் பிறகும் அந்தக் கதவு எளிதாகத் திறந்துவிடவில்லை. பிரின்ஸ் ஹால் வழிவந்த கறுப்பின மேசன்களைச் சமமானவர்கள் என ஏற்க இடையில் எழுந்த முயற்சிகள் எதிர்ப்புக்கு அஞ்சிப் பின்வாங்கின. 1989இல்தான் கனெக்டிகட் மாநிலத்து வெள்ளையர் தலைமை மன்றம் அவர்களை நிலையாக ஏற்றுக்கொண்டு பிறர்க்கு வழிகாட்டியது. 1994இல் இங்கிலாந்தின் தலைமை மன்றமும் ஏற்றது. 1784இல் பெற்ற பட்டயத்திற்கு 1989இல் அண்டை வீட்டார் மதிப்புத் தந்தார்கள். நடுவிலே 205 ஆண்டுகள்! எஃகிலே உடன்பிறப்பு என்று எழுத அமிலத்திற்குச் சிறிது நேரமே தேவைப்பட்டது. நெஞ்சிலே அதை எழுத இரண்டு நூற்றாண்டுகளும் போதவில்லை.

இளைஞர்களே! அழகிய சொற்களைப் பொறித்த பொருள் எதைக் கண்டாலும், அது வாளாக இருந்தாலும், கேடயமாக இருந்தாலும், கொடியாக இருந்தாலும், மேடை முகப்பாக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைச் செய்த கை யாருடையது? இதை அணியும் உரிமை யாருக்கு? இது நுழையவிடாமல் வெளியே நிறுத்தியது யாரை? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்தால் அதைக் கலை என்று போற்றுங்கள். கிடைக்காவிட்டால் முலாம் என்று கண்டுகொள்ளுங்கள்.

வாளைப் பேழையிலேயே வைத்திருக்கட்டும், உடைக்க வேண்டியதில்லை. பக்கத்திலே ஒரு கொத்தனின் கரண்டியை வைக்கட்டும். சாந்து காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கரண்டி போதும். அடியிலே 1912ஆம் ஆண்டுத் தீர்ப்பின் படி ஒன்றை விரித்து வைக்கட்டும். வருகிறவர்கள் மூன்றையும் சேர்த்துப் பார்க்கட்டும். உடன்பிறப்பு எதனால் கட்டப்படுகிறது என்பதைப் பிறகு யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிராது.